சீசன் முடிந்ததும் அவர் பேசுவதே இல்லை

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. கொடைக்கானலில் கடனுக்கு வண்டி வாங்கி டூரிஸ்ட் பார்ட்டிகளுக்கு ஓட்டுகிறார். நான் ஒரு காட்டேஜில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறேன். ஏப்ரல், மே இரண்டு மாதமும் அவர் தூங்குவதே நாலு மணி நேரம்தான். சீசன் முடிந்து சாரல் பிடித்துவிட்டால் ஆளே மாறிவிடுகிறார். பகல் 11 மணி வரை படுக்கை. குளிப்பதில்லை. பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறார், இல்லாவிட்டால் பேச்சே கிடையாது. முன்பெல்லாம் குளிருக்கு என்று எப்போதாவது குடித்தவர், இப்போது தினமும் ஒரு குவார்ட்டர். காலையில் கை நடுங்குகிறது. வண்டி டியூ இரண்டு மாதம் பாக்கி. மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற ஆன்லைன் அனுமதி வந்ததிலிருந்து பிழைப்பு போச்சு என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். போன வாரம், “நான் இல்லேன்னா இன்சூரன்ஸ் பணமாவது வரும், நீங்க நிம்மதியா இருப்பீங்க” என்றார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. மாமியார் கோயிலுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, சோற்றில் கலந்து கொடுத்தால் குடியை மறக்க வைக்கும் பொடி வாங்கித் தருகிறேன் என்கிறார். டாக்டரிடம் போனால் ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்துவிடும், அப்புறம் எவன் சவாரி தருவான் என்கிறார் இவர். கீழே பெரியகுளத்தில் என் அம்மா வீடு இருக்கிறது. பேசாமல் அங்கே இறங்கிவிடலாமா? மனசு லேசாகணும் என்று ஊர் உலகமே எங்கள் மலைக்கு வருகிறது. இங்கேயே இருக்கிற எங்களுக்கு ஏன் இப்படி?

– கொடைக்கானல் வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்டிருப்பவை பல. அவற்றில் முதலில் பார்க்க வேண்டியது அந்த இன்சூரன்ஸ் பேச்சு. குடிபோதையில் உளறியது என்றோ உங்களை மிரட்டுவதற்குச் சொன்னது என்றோ அதைத் தள்ளிவிடாதீர்கள். குடும்பத்துக்குத் தான் பாரம் என்ற எண்ணம் ஒருவருக்கு வருவதும், தன் சாவுக்கு ஒரு பயன் இருக்கிறது என்று அவர் கணக்குப் போடத் தொடங்குவதும் மனநல மருத்துவர்களான நாங்கள் மிகவும் கவலைப்படுகிற அறிகுறிகள். கூடவே குடியும் கடனும் தூக்கக்கேடும் இருக்கும்போது அடுத்த சீசன் வரை பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது.

அவரிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அப்படி ஆவதில்லை. யாராவது கேட்டார்களே என்ற ஆறுதல்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. காலையில் அவர் குடிக்காமல் இருக்கும் நேரத்தில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு உட்கார்ந்து பேசுங்கள். “என்னங்க, அன்னைக்கு அப்படிச் சொன்னீங்கல்ல, அதுல இருந்து எனக்குப் பயமா இருக்கு. செத்துரலாம்னு தோணுதா? எப்படின்னு எதுவும் யோசிச்சு வச்சிருக்கீங்களா?” என்று உங்கள் பேச்சிலேயே கேட்டால் போதும். பதில் எதுவானாலும் கோபப்படாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், “பிள்ளைகளை நினைச்சுப் பாத்தியா” என்று குற்றவுணர்வையும் ஏற்றாதீர்கள். அது ஏற்கெனவே அவரிடம் நிறைய இருக்கிறது. வீட்டில் பூண்டுக்கும் உருளைக்கும் அடிக்கிற தோட்ட மருந்தோ, மாமியாருடைய பழைய மாத்திரைகளோ இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். முடியாவிட்டால் வேறொருவர் வீட்டில் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். இந்த எண்ணம் பெரும்பாலும் அலைபோல ஏறி இறங்குவது. ஏறுகிற அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமலிருப்பதே பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

யோசித்து வைத்திருக்கிறேன் என்று அவர் சொன்னால் அவரைத் தனியாக விடாமல் அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நிலைமை கைமீறினால் 108. இரவு எந்நேரமானாலும் 14416 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். நாடு முழுவதற்குமான டெலி மானஸ் சேவை இது. 2022 அக்டோபரில் தொடங்கியது. நம் மாநிலத்தில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது. அவர் பேச மறுத்தால் நீங்கள் பேசலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து பல குடும்பங்கள் மூடி மறைக்கின்றன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது.

இனி உங்கள் கணவரின் நிலை. நேரில் பார்க்காமல் எந்த மருத்துவரும் உறுதியாகச் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது சோம்பலும் அல்ல, பொறுப்பின்மையும் அல்ல. எதிலும் நாட்டமின்மை, படுக்கையைவிட்டு எழ முடியாமை, குளிக்கக்கூட மனம் இல்லாமை, எரிச்சல், சாவு நினைப்பு இவையெல்லாம் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை மனச்சோர்வு நோய் என்று சந்தேகிக்க வேண்டும். ஆண்களிடம் இது அழுகையாக வருவது குறைவு. கோபமாக, குடியாக, மௌனமாக வரும். அதனால்தான் வீட்டில் இருப்பவர்கள் நோய் என்று நினைப்பதே இல்லை.

“சீசனில் நாலு மணி நேரம்தான் தூங்குவார்” என்ற வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அது சவாரி ஓயாததால் வந்த தூக்கக் குறைவா, இல்லை தூக்கமே தேவைப்படாதது போல இருக்கிறாரா? அந்த நாட்களில் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசுகிறாரா, அகலக்கால் வைத்துக் கடன் வாங்குகிறாரா, இன்னும் இரண்டு வண்டி எடுப்பேன் என்று பெரிய திட்டங்கள் போடுகிறாரா? அப்படியென்றால் அது, அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநிலைக் கோளாறாக (பைபோலார்) இருக்கலாம். அதற்கான மருந்து வேறு. சாதாரண மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு அது எதிர்ப்பக்கம் தூக்கிவிட்டுவிடும். சீசனில் எல்லோருமே பறந்துகொண்டிருப்பதால் மலை ஊர்களில் இந்த நோய் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. மருத்துவரிடம் சோர்வான மாதங்களைப் பற்றி மட்டும் பேசாமல், ஏப்ரலிலும் மே மாதத்திலும் அவர் எப்படி இருந்தார் என்பதையும் சொல்லுங்கள்.

குடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஊட்டியானாலும் கொடைக்கானலானாலும், குளிருக்குக் குடிப்பதில் தப்பில்லை என்ற நம்பிக்கை நம் மலைகளில் வேரூன்றிப்போயிருக்கிறது. இதனால் எத்தனை வீடுகள் சாய்கின்றன என்பதைப் பார்க்கிறபோது எனக்கு வேதனையாக இருக்கிறது. மது உடம்பைச் சூடாக்குவதில்லை. தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்களை விரிக்கிறது. ரத்தம் மேல்பரப்புக்கு வருவதால் கதகதப்பாகத் தோன்றும். உள்ளே இருக்கும் சூடோ அந்த வழியாகவே வெளியேறிக்கொண்டிருக்கும். தூக்கத்துக்கு என்று குடிப்பதும் இப்படித்தான். படுத்தவுடன் கண் அசரும், விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். அந்த மூன்று மணிக்குத்தான் டியூவும் வட்டியும் பூதமாக எழுந்து நிற்கும். தினமும் குடிப்பது மனச்சோர்வைத் தானாகவே உண்டாக்கவும் செய்யும், இருப்பதை ஆழமாக்கவும் செய்யும். எது முதலில் வந்தது என்ற ஆராய்ச்சி இப்போது வேண்டாம். இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் பார்க்க வேண்டும்.

அவர் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டுகிறவர் என்பதால் இன்னொன்று. ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மில்லி பிராந்தியில், ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. உடம்பு சராசரியாக மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் கழிக்கும். இரவு 11 மணிக்குக் குடித்து முடித்தவர், சூரிய உதயம் பார்க்கவேண்டும் என்கிற பார்ட்டியை ஏற்றிக்கொண்டு காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால், தெளிந்துவிட்டதாக அவர் நினைத்தாலும் ரத்தத்தில் இன்னும் மிச்சம் இருக்கலாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தாலே சட்டப்படி குற்றம். மேல்மலைப் பக்கம் மூடுபனி இறங்கிக் கிடக்கும்போது அவர் உயிரோடு வண்டியில் இருப்பவர்களின் உயிரும் அதில் தொங்குகிறது.

இதைப் படித்துவிட்டு, நாளையிலிருந்து ஒரு சொட்டுக்கூடத் தொடக் கூடாது என்று அவரைக் கட்டாயப்படுத்திவிடாதீர்கள். காலையில் கை நடுங்குகிறது என்றால் உடம்பு மதுவுக்குப் பழகிவிட்டது. திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாட்களில் ஆள் அடையாளம் தெரியாமல், இல்லாததைப் பார்த்து மிரளும் குழப்பம் வரலாம். அது உயிருக்கே ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில் தயாமின் என்ற பி1 சத்தும், நடுக்கத்துக்குச் சில நாள் மருந்தும் கொடுத்து நிறுத்தினால் பெரும்பாலானோர் ஒரு வாரத்துக்குள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிடுவார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா சொல்லும் பொடி வேண்டவே வேண்டாம். அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் இப்படி விற்கும் பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சிலவற்றில் டைசல்ஃபிரம் என்ற மருந்து இருக்கலாம். அதை உட்கொண்டவர் அது தெரியாமல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, நெஞ்சு படபடத்து மயங்கி விழுவார். சிலருக்கு உயிரே போயிருக்கிறது. நாங்களும் அந்த மருந்தைச் சிலருக்குத் தருவது உண்டு, நோயாளிக்கு எல்லாவற்றையும் விளக்கி, அவர் சம்மதித்த பிறகு. சோற்றில் என்ன கலந்தாய் என்று ஒரு நாள் அவர் உங்களைக் கேட்கும் நிலை வந்தால், அதன் பிறகு அவர் நம்புவதற்கு வீட்டில் யார் மிஞ்சுவார்கள்?

மாமியாரின் வேண்டுதல் நடக்கட்டும். குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு உங்கள் கணவரும் அவருடைய அம்மாவும் நடந்தே போய் வரட்டும், அந்த நடையும் நல்லதுதான். திருநீறு பூசிக்கொண்டு மாத்திரையும் போட்டுக்கொள்வதில் எந்த முரணும் இல்லை.

உங்கள் கடைசிக் கேள்வியைத் தவிர்க்க எனக்கு மனமில்லை. மலைக்கு வருகிறவர் ஏரியைச் சுற்றி நடந்து, கோக்கர்ஸ் வாக்கில் நின்று மூச்சை இழுத்துவிட்டு, மனசு லேசாகிவிட்டது என்கிறார். உண்மைதான். மரமும் காற்றும் அதற்கு உதவுகின்றன. அதைவிடப் பெரிய காரணம், அந்த மூன்று நாளும் அவருக்கு வேலை இல்லை, சமையல் இல்லை, கடன்காரன் வாசலில் இல்லை. அவருக்குக் கிடைக்கும் அந்த ஓய்வு உங்கள் உழைப்பில் உண்டாவது. படுக்கை விரிப்பை மாற்றுவது நீங்கள், வண்டி ஓட்டுவது உங்கள் கணவர். மலை அழகாக இருக்கிறது என்பதற்காக அங்கே இருப்பவர்களுக்கு மனநோய் வரக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. இதில் உங்கள் குறை எதுவும் இல்லை.

உண்மையில் மலைச் சுற்றுலா ஊர்களின் வாழ்க்கை மனதுக்குச் சில தனிப்பட்ட சுமைகளைத் தருகிறது. வருமானத்தில் பெரும்பங்கு இரண்டு, மூன்று மாதத்தில் வந்து கொட்டுகிறது. செலவோ பன்னிரண்டு மாதத்துக்கும் இருக்கிறது. சீசனில் உறக்கம் கெடுகிறது, அது முடிந்தால் ஒரேயடியாக வேலை நின்றுவிடுகிறது. நேரத்துக்குப் படுத்து நேரத்துக்கு எழ வேண்டிய உடம்புக் கடிகாரம் இந்த ஆட்டத்தைத் தாங்குவதில்லை. வெயில் இல்லாததால்தான் சோர்வு என்று சிலர் சொல்வார்கள். வட ஐரோப்பாவில் குளிர்காலப் பகல் மிகவும் சுருங்குவதால் வரும் மனச்சோர்வு உண்டு. கொடைக்கானலில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம். அதனால் அதை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனால் சாரலும் மூடுபனியும் ஆளை வீட்டுக்குள் முடக்கிவிடும். முடங்கினால் வெளிச்சமும் குறைகிறது, மனிதர்களும் குறைகிறார்கள், கம்பளியும் பாட்டிலும் மிச்சமாகின்றன.

இ-பாஸ் பற்றி அவர் புலம்புவதையும் வீண் என்று சொல்லிவிடாதீர்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். மலை தாங்கும் அளவுக்குத்தான் வண்டி ஏற வேண்டும் என்பதை நான் மனதார ஏற்கிறேன். ஆனால் அப்படி ஓர் ஏற்பாடு வரும்போது சவாரியை நம்பி இருப்பவரின் பயத்தைக் கேட்கவும் ஓர் ஆள் வேண்டும். வீட்டிலாவது அவர் அதைப் பேசட்டும். “ஆமாங்க, கஷ்டமாத்தான் இருக்கு” என்று நீங்கள் சொல்லுங்கள். தீர்வு சொல்ல வேண்டும் என்று இல்லை.

பெரியகுளத்துக்கு இறங்கிவிடலாமா என்கிறீர்கள். பத்து நாள் போய் அம்மா கையால் சாப்பிட்டு வாருங்கள், நல்லது. ஆனால் வைத்தியத்துக்குப் பதிலாக ஊர் மாறாதீர்கள். நோய் அவரோடுதான் மலை இறங்கும். பிழைப்பும் ஸ்டாண்டு நண்பர்களும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் மேலேயே தங்கிவிடும். நன்றாகத் தெளிந்த பிறகு இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு அது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: ஆஃப் சீசனை வைத்தியத்துக்கான காலமாக எடுத்துக்கொள்ளுங்கள். குடியை நிறுத்தும் முதல் வாரத்தில் அவர் வண்டி ஓட்டவே கூடாது. அப்போது தரும் மருந்துகள் மயக்கம் தரும். சவாரி நிறைய இருக்கும் மே மாதத்தில் இது நடக்குமா? மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் சில நாள் குமட்டல், தலைவலி வரலாம். இதையெல்லாம் தாங்குவதற்கு இப்போதுதான் அவருக்கு நேரம் இருக்கிறது. அடுத்த சீசன் பிறந்தால் அவர் எழுந்துவிடுவார், சரியாகிவிட்டார் என்று நீங்களும் நிம்மதி அடைவீர்கள், சாரல் பிடித்ததும் மறுபடி இதே இடத்தில் வந்து நிற்பீர்கள். காசு வந்தால் பாரம் குறையும், நோய் தானாகப் போய்விடாது.

எங்கே போவது? மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வட்ட அரசு மருத்துவமனைகளுக்குக் குறித்த நாளில் வருவது உண்டு. உங்கள் அரசு மருத்துவமனையில் அந்த நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள், 104-இலும் விசாரிக்கலாம். ஊர்க்காரர் கண்ணில் படக் கூடாது என்றால் க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்கோ திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ போகலாம். நீலகிரியில் இருப்பவர்களுக்கு ஊட்டியிலேயே இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது நான் மேலே சொன்ன அதே சட்டம் தரும் உரிமை. ஸ்டாண்டில் கேட்டால் கை நடுக்கத்துக்கும் தூக்கத்துக்கும் பார்க்கப் போனேன் என்று சொல்லட்டும், அது பொய்யும் அல்ல.

மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டியது: “இவர் மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்.” தூக்கம் தராத மருந்தைத் தேர்ந்தெடுக்கவோ இரவில் மட்டும் எடுக்கும்படி அமைக்கவோ அது உதவும். ரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, கல்லீரல், பி12 பார்த்துவிடுவது நல்லது. தைராய்டு குறைந்தாலும் ஆள் இப்படித்தான் சோர்ந்து படுப்பார். மனச்சோர்வு மாத்திரைக்கு ஆள் அடிமையாகிவிடுவதில்லை. தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டியிருக்கும், பாதியில் நிறுத்துவதால்தான் பலருக்குத் திரும்ப வருகிறது.

வீட்டில் பெரிய மாற்றமெல்லாம் வேண்டாம். எழும் நேரம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்குள் எழுந்து முகம் கழுவி, காபியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் கால் மணி நேரமாவது நிற்கட்டும். மூடுபனி நாளிலும் வெளி வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். பிறகு ஏதாவது ஒரு வேலை. வண்டியைக் கழுவுவது, பிரேக் லைனர் பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு உங்களோடு வருவது, எதுவாக இருந்தாலும் சரி. மனசு வந்தால் செய்வேன் என்பார். இந்த நோயில் மனசு முதலில் வராது, செய்யச் செய்யத்தான் வரும். மாலை ஆறிலிருந்து எட்டு வரைதான் குடி இழுக்கும் நேரம். அந்த நேரத்துக்கு வேறு ஆளும் வேறு இடமும் வேண்டும். பிள்ளைகளோடு கேரம் ஆடுகிறாரா, குடிக்காத நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போகிறாரா என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கடனை ஒரு நோட்டில் எழுதுங்கள். தலைக்குள் கிடக்கும் கடன் எப்போதும் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். ஃபைனான்ஸ்காரர் ஆள் அனுப்புவதற்கு முன்னால் நீங்களே போய், சீசன் மாதங்களில் கூடுதலாகவும் மற்ற மாதங்களில் குறைவாகவும் கட்ட வழி உண்டா என்று கேளுங்கள். ஒப்புக்கொள்ளாமலும் போகலாம், ஆனால் கேட்டவரை அவர்கள் வேறு மாதிரி நடத்துவார்கள்.

இதைப் படிக்கும் காட்டேஜ், ரிசார்ட் உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். விருந்தினருக்கு யோகாவும் மசாஜும் ஏற்பாடு செய்கிறீர்கள், மகிழ்ச்சி. உங்கள் ஊழியர்களுக்கு சீசனிலும் வாரம் ஒரு நாள் விடுமுறை கிடைக்கிறதா, அவர்கள் தங்கும் அறை ஈரம் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். 14416 என்ற எண்ணை ஊழியர் அறைச் சுவரிலும் எழுதி ஒட்டுங்கள். டிரைவர் சங்கத்தினர் ஆண்டுக்கு ஒரு முறை கண் பரிசோதனை முகாம் நடத்துவது போல, ஜூலையில் ஒரு நாள் மனநல மருத்துவரையும் அழைக்கலாம். எல்லோரும் வரிசையில் நின்றால் யாரும் தனியாகத் தெரிய மாட்டார்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. தூக்கம் போய்விட்டது என்று ஒரே ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். காட்டேஜ் வேலை, வீட்டு வேலை, பிள்ளைகள், இரவில் அவர் மூச்சு விடுகிறாரா என்று எழுந்து பார்ப்பது, இதை ஒற்றை ஆளாகச் சுமக்காதீர்கள். அவருடைய அண்ணனோ தம்பியோ, உங்கள் பேச்சுக்கு மதிப்புக் கொடுக்கும் ஒருவரிடம் இன்றே சொல்லி, முறை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடம், “அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வைத்தியம் பாக்கப் போறோம், உங்க மேல கோபம் இல்லை” என்று சொல்லிவிடுங்கள். குடித்துவிட்டு அவர் கை ஓங்கினால் 181 பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். நோய் என்பதற்காக அடியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அவர் வர மறுத்தால் முதல் முறை நீங்கள் மட்டும் போய் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் தூக்கத்துக்கும் வழி கேளுங்கள், அவரை எப்படி அழைத்து வருவது என்றும் கேளுங்கள். “எனக்குத் தூக்கம் வரலைன்னு டாக்டரப் பாக்கப் போறேன், துணைக்கு வாங்க” என்று கூப்பிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு அவரே கிளம்பக்கூடும்.